ஜோன் ரிவர்ஸின் இழுப்பறைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் பற்றிய ‘எ பீஸ் ஆஃப் வொர்க்’ (2010) ஆவணப்படம் பார்த்தேன். வாயைத் திறந்தாலே தேள்கொடுக்கு. இது பிறவிக் குணமா, பழகினால் வருமா? நானும் தமிழில் ஸ்டாண்ட்அப் (தனியாள் மேடை நகைச்சுவை) செய்து பார்க்கிறேன். கடுமையாக ஏதாவது சொன்னால் சிரிக்க வேண்டிய கூட்டம் இறுகிவிடுகிறது.

க.

அன்புள்ள க.,

அந்தப் படத்தில் அவர் வீட்டு அலமாரியைக் காட்டுவார்களே, கவனித்தீர்களா? பழைய நூலகங்களின் அட்டவணைப் பெட்டி போலச் சின்னச் சின்ன இழுப்பறைகள். உள்ளே தட்டச்சு செய்த அட்டைகள், தலைப்பு வாரியாக. ஒன்றில் ‘சமையல்’ தொடங்கி ‘டோனி டான்சா’ என்ற நடிகர் வரை. மொத்தம் 65,000 ஜோக்குகளுக்கு மேல். நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் ஊரிலுள்ள தேசிய நகைச்சுவை மையத்துக்கு அவை போய்ச் சேர்ந்துவிட்டன. போகிற போக்கில் சொன்னதாக நாம் நினைப்பதெல்லாம் எழுதி, சின்ன அரங்கில் சொல்லிப் பார்த்துத் தேறியவை.

கூட்டம் ஏன் இறுகுகிறது? ‘இதைச் சொல்ல இவர் யார்’ என்ற கேள்விக்கு நீங்கள் முதலில் பதில் வைக்கவில்லை. ஜோன் வைத்தார். 1965 பிப்ரவரி 17 அன்று ஜானி கார்சன் நடத்திய ‘டுநைட் ஷோ’ என்ற இரவுநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முதன்முதலாகத் தோன்றிய காலத்தில் அவர் பேச்சின் பொருளே அவர்தான்: அழகில்லாத பெண், கரையேற்றத் தவிக்கும் அம்மா. பிற்பாடு நடிகை எலிசபெத் டெய்லரின் உடல் எடையைக் கிழித்தபோதும், தன் முகத்தில் செய்துகொண்ட அறுவைசிகிச்சைகளை விட்டுவைக்கவில்லை. 1987-இல் கணவர் எட்கர் ரோசன்பெர்க் தற்கொலை செய்துகொண்டார்; அதையும் மேடைக்குக் கொண்டுவந்தார். டெய்லர் ஜோக்குகளில் பல எனக்கு வெறும் கொடுமையாகத்தான் படுகின்றன. ஆனால் தனக்கென்று ஒரு சலுகையும் அவர் எடுத்துக்கொண்டதில்லை.

அதே படத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் அவர் மேடையேறும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். காது கேளாதவர் பற்றி ஒரு ஜோக். தன் மகனுக்குக் காது கேட்காது, இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று ஒருவர் கத்துகிறார். ஜோன் பின்வாங்கவில்லை. தன் அம்மாவுக்கும் காது கேட்காது என்று திருப்பிக் கத்திவிட்டு, ஒரு நொடி தொய்யவிடாமல் அடுத்த ஜோக்குக்குத் தாவி அரங்கை மீட்கிறார். அந்த மனிதருக்காக வருந்துவது மேடையை விட்டு இறங்கிய பிறகுதான். தயங்கி நின்றிருந்தால் அன்றைய நிகழ்ச்சி அங்கேயே முடிந்திருக்கும்.

தமிழில் உங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் கொடுக்கைக் கடைசிச் சொல்லில் வைப்பது எளிது. நமக்கு வினை கடைசியில் வரும். ‘...ன்னு எங்கம்மா சொன்னாங்க’ என்று முடித்தால், சிரிப்பு கிளம்பும் நேரத்தில் நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பீர்கள். ‘எங்கம்மா சொன்னாங்க’ என்பதை முன்னால் தள்ளுங்கள். குத்தும் சொல்லோடு வாயை மூடுங்கள்.

1986-இல் ஜோன் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் கார்சனுக்குப் போட்டியாகத் தனக்கென்று நிகழ்ச்சி தொடங்கியதால் கார்சன் சாகும்வரை அவரோடு பேசவில்லை. ‘டுநைட் ஷோ’வுக்கு ஜோன் திரும்பியது 2014 பிப்ரவரி 17, ஜிம்மி ஃபாலன் அந்த நிகழ்ச்சியின் தொகுப்பாளரான முதல் நாளில், முதல் தோற்றத்துக்குச் சரியாக 49 ஆண்டு கழித்து. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று தொண்டைப் பரிசோதனையின்போது மூச்சு நின்று, செப்டம்பர் 4 அன்று 81 வயதில் இறந்தார். அந்தப் பரிசோதனைக்கு முந்தைய இரவும் மன்ஹாட்டனில் ஒரு சிறிய அரங்க மேடையில்தான் இருந்தார்.