இரண்டு மாத நாய்க்குட்டி வீடெல்லாம் மூத்திரம் போகிறது, கூண்டில் அடைத்தால் கத்துகிறது. எப்படிப் பழக்குவது?

இந்த வயதில் பகலில் இரண்டு மணி நேரம் அடக்குவதே அதற்குப் பெரிய விஷயம். அதனால் நேரம் பார்ப்பது உங்கள் வேலை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விடுங்கள். தரையை மோந்துகொண்டே வட்டமடித்தால் உடனே தூக்குங்கள். போய் முடித்த அந்த நொடியே, அங்கேயே தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. தடுப்பூசிகள் முடியும்வரை தெரு வேண்டாம், பார்வோ என்ற உயிருக்கு ஆபத்தான வைரஸ் நோய் தொற்றும். மொட்டைமாடி போதும்.

கூண்டு நின்று, திரும்பி, நீட்டிப் படுக்கும் அளவு இருக்கட்டும். ரொம்பப் பெரிதென்றால் ஒரு மூலையில் போய்விட்டு மறுமூலையில் படுத்துக்கொள்ளும். முதலில் கதவைத் திறந்தே வைத்து உள்ளே சாப்பாடு வையுங்கள். அடைப்பதெல்லாம் அப்புறம், அதுவும் சில நிமிடங்களில் தொடங்கி. இரவில் கூண்டு உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தால் கத்தல் பாதி குறையும். நடுராத்திரி முனகினால் கொஞ்சாமல், விளையாடாமல் வெளியே கொண்டுபோய்விட்டு வந்து படுக்க வையுங்கள்.

அடிப்பது, மூக்கைத் தேய்ப்பது வேண்டவே வேண்டாம். பயந்துபோய் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து மூத்திரம் போகத்தான் கற்றுக்கொள்ளும். போன இடத்தை, மூத்திர வாடையைச் சிதைக்கும் என்சைம் கிளீனரால் துடையுங்கள். நமக்குத் தெரியாத வாடை அதற்குத் தெரியும், திரும்ப அங்கேயே போகும்.