குறுக்கு விசாரணையைப் பயிற்சி வகுப்பில் கற்க முடியுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட விரும்புகிறேன். அமெரிக்காவில் அத்தகைய வழக்கறிஞர்களுக்கென்றே தனிப் பயிற்சிகள் உள்ளன என்றும், அங்கே நடிகர்களைச் சாட்சிகளாக்கிக் குறுக்கு விசாரணை பழக்குகிறார்கள் என்றும் அறிந்தேன். ஒரு சீனியரிடம் தொழில் கற்பதற்கு இந்தப் பாவனை ஈடாகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஈடாகாது, ஆனால் சீனியரிடம் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது. ஒரு கேள்வி ஏன் அந்த இடத்தில் கேட்கப்பட்டது, எந்தக் கேள்வி ஏன் கேட்காமல் விடப்பட்டது என்பதையெல்லாம் ஜூனியருக்கு விளக்க நீதிமன்ற நாளில் எவருக்கும் நேரமிருப்பதில்லை. பிறகு அவரே எழுந்து கேட்டுப் பிழை செய்தால், சிறைக்குப் போவது கட்சிக்காரர்.

கிளாரன்ஸ் ஏர்ல் கிடியனின் வழக்கைப் பாருங்கள். புளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்துக்குள் புகுந்து திருடியதாக 1961-இல் குற்றம் சாட்டப்பட்ட அவர், வழக்கறிஞர் வைக்க வசதியின்றித் தாமே வாதாடித் தண்டனை பெற்றார். கடுங்குற்ற வழக்குகளில் ஏழைகளுக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்த வேண்டும் என்று அவருடைய மனுவின் மீதுதான் உச்ச நீதிமன்றம் 1963-இல் தீர்ப்பளித்தது. மறுவிசாரணையில் ஒரு டாக்சி ஓட்டுநர், தம்மைப் பார்த்ததாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கிடியன் கேட்டுக்கொண்டதாகச் சாட்சி சொன்னார். கேட்பவருக்குக் குற்றத்தையே ஒப்புக்கொண்டதுபோலத் தோன்றும். கிடியனின் வழக்கறிஞர் பிரெட் டர்னர், இதற்கு முன்பும் அவர் அப்படிச் சொன்னதுண்டா என்று கேட்டார். வண்டியில் ஏறும்போதெல்லாம் சொல்வார், மனைவியோடு ஏதோ தகராறு போலும் என்றார் ஓட்டுநர். ஜூரிகள் கிடியனை விடுவித்தனர்.

அந்தக் கேள்வியைத் துணிந்து கேட்கும் அளவுக்கு டர்னர் முன்னதாகவே சாட்சிகளைச் சந்தித்து வழக்கை அலசியிருந்தார். நல்ல பயிற்சி பழக்க முயல்வதும் இதைத்தான். நாவன்மை அதற்கு அடுத்தபடிதான். ஜார்ஜியாவின் மேக்கனில் உள்ள தேசியக் குற்றவியல் தற்காப்புக் கல்லூரியின் இரண்டு வாரப் பயிற்சியில் பங்கேற்பாளர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொருவரும் எழுந்து செய்துகாட்டி, அனுபவமுள்ளவர்களின் விமர்சனத்தைக் கேட்கிறார்கள். நடிகரிடம் தோற்றுப்போன கேள்வியை மாற்றி மறுபடியும் கேட்கலாம், உண்மைச் சாட்சியிடம் அதற்கு இடமில்லை. கட்சிக்காரரோடு முதல் சந்திப்பைப் பழகுவது குறுக்கு விசாரணையைவிடப் பயனுள்ளது என்பது என் எண்ணம்; அரசு அனுப்பிய வழக்கறிஞரை நம்பாத ஒருவரைப் பேச வைப்பதை எந்தச் சட்டப் புத்தகமும் கற்றுத்தருவதில்லை.

இப்பயிற்சிகள் பலவும் ஜூரி விசாரணையையே மையமாகக் கொண்டிருப்பதில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. கூட்டரசு வழக்குகளின் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநில வழக்குகளின் தண்டனைகளில் 94 சதவீதமும், குற்றம் சாட்டப்பட்டவர் தாமே குற்றத்தை ஒப்புக்கொள்வதால் விளைபவை என்று 2012-இல் மிசௌரி எதிர் ஃபிரை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டு என்று குடியுரிமை இல்லாத கட்சிக்காரரை எச்சரிப்பது வழக்கறிஞரின் கடமை என்று அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு படியா எதிர் கென்டக்கி வழக்கில் அந்த நீதிமன்றம் கூறியிருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு ஈடாகத் தண்டனையைக் குறைக்குமாறு அரசுத் தரப்போடு பேரம் பேசுவதையும், பேரத்தின் விளைவுகளைப் புரியும்படி எடுத்துச் சொல்வதையும் பயிற்சியில் சேர்க்காவிட்டால், பெரும்பாலான கட்சிக்காரர்களுக்கு அதனால் பயனில்லை. ஆனால் விசாரணை வரை போகத் துணிந்தவர் என்று அரசுத் தரப்பு அறிந்த வழக்கறிஞரின் பேரத்துக்கே வலுவுண்டு என்பதால், குறுக்கு விசாரணையைத் தள்ளிவிடவும் முடியாது.

பயிற்சி முடித்துத் திரும்புபவரை அலுவலகத்தில் கோப்புக் குவியல் வரவேற்கும், கற்றவை சில மாதங்களில் கரைந்துவிடும். 2007-இல் ஜொனாதன் ராப்பிங் தொடங்கிய, இன்று 'கிடியன்ஸ் பிராமிஸ்' எனப்படும் அமைப்பு, ஏழைகளுக்காக அரசு அமர்த்தும் இளம் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர்களை ஒரே வகுப்போடு விட்டுவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கூட்டிப் பயிற்றுகிறது. நீங்கள் எதில் சேர்ந்தாலும், நீங்களே எத்தனை முறை எழுந்து கேள்வி கேட்க வேண்டியிருக்கும், அதைப் பார்த்துத் திருத்துபவர் யார், வகுப்பு முடிந்த பின்னும் அவரை அணுக முடியுமா என்பவற்றை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.