டென்னிஸ் கிளப்: ஆயுள் சந்தாவா, ஆண்டுச் சந்தாவா?

கேள்வி: நாங்கள் மதுரை கே.கே. நகரில் இருக்கிறோம். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. கணவர் விளக்குத்தூண் பக்கம் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள டென்னிஸ் கிளப்பில் புத்தாண்டை ஒட்டி உறுப்பினர் சேர்க்கிறார்கள். ஆயுள் உறுப்பினர் கட்டணம் 85,000 ரூபாய், பொங்கலுக்குள் சேர்ந்தால் 75,000. அதன் பிறகும் பராமரிப்புக்கு மாதம் 400 கட்ட வேண்டும். ஆண்டு உறுப்பினர் என்றால் மாதம் 800 வீதம் வருடத்துக்கு 9,600. இரண்டுமே குடும்பத்துக்குச் சேர்த்துத்தான். பத்து வயது மகளுக்குப் பயிற்சி தனி, மாதம் 1,800. கணவர் கல்லூரியில் ஆடியவர், பழைய ராக்கெட் பரணில் கிடக்கிறது. "வருஷா வருஷம் கட்டி அழுவதற்கு ஒரேயடியாகக் கட்டிவிடலாம்" என்கிறார். மாதம் 5,000 கட்டிவந்த சீட்டு இப்போதுதான் முடிந்து 1 லட்சம் கையில் இருக்கிறது. வங்கியில் நகைக்கடன் 1,20,000 இருக்கிறது, வட்டி 9.5 சதவீதம். அவசரத்துக்கு வைப்பு நிதியில் 2 லட்சம் போட்டு வைத்திருக்கிறோம். ஆயுள் உறுப்பினர் ஆகலாமா? இந்தச் செலவைக் கடைக் கணக்கில் எழுதலாமா?
- வாசகி, மதுரை

பதில்: சேருங்கள், ஆனால் ஆண்டு உறுப்பினராக. 75,000 ரூபாயை நகைக்கடனில் கட்டிவிடுங்கள். ஏன் என்று உங்கள் கணவரிடம் சொல்ல ஒரு கணக்கு வேண்டுமே, அதைப் பார்ப்போம்.

ஆயுள் உறுப்பினர் ஆனால் மாதம் 800 கட்டுவதற்குப் பதில் 400 கட்டுவீர்கள். அதாவது வருடத்துக்கு மிச்சம் 4,800. இந்த மிச்சத்துக்காக இன்று கொடுப்பது 75,000. வட்டியாகப் பார்த்தால் 6.4 சதவீதம். வங்கியில் ஓராண்டு வைப்பு நிதிக்கே கிட்டத்தட்ட இந்த வட்டி கிடைக்கிறது. வைப்பு நிதியில் அசல் உங்களுடையது, வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். கிளப்பில் கட்டியதைத் திரும்பக் கேட்க முடியாது. போட்ட காசை மிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்றால் பதினைந்தரை வருடம் ஆகும். அப்போது உங்கள் மகளுக்கு இருபத்தைந்து வயது தாண்டியிருக்கும். குடும்ப உறுப்பினர் என்ற சலுகையில் பிள்ளைகளை எத்தனை வயது வரை சேர்த்துக்கொள்வார்கள் என்று கேட்டீர்களா? பதினெட்டோ இருபத்தொன்றோ ஆனதும் தனி உறுப்பினர் ஆகச் சொல்லும் கிளப்புகள் உண்டு.

"சந்தா ஏறிக்கொண்டே போகுமே" என்று உங்கள் கணவர் கேட்பார். ஏறும்தான். ஆனால் ஆயுள் உறுப்பினரின் 400 மட்டும் அப்படியே நிற்குமா? விளக்குக்கு மின்கட்டணம், தரைக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுப்பவரின் சம்பளம், வலை மாற்றும் செலவு எல்லாம் ஏறும்போது பராமரிப்புக் கட்டணத்தையும் ஏற்றத்தான் செய்வார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் லாபம். அது பெரிதாக மாறப்போவதில்லை.

இப்போது அதே 75,000 ரூபாயை நகைக்கடனில் கட்டினால் 9.5 சதவீதக் கணக்கில் முதல் வருடமே 7,125 ரூபாய் வட்டி மிச்சம். ஆண்டுச் சந்தா 9,600. அதில் முக்கால் பங்கை, வங்கிக்குப் போகவிருந்த வட்டிப் பணமே கட்டிவிடுகிறது. நகையும் வீட்டுக்குத் திரும்பும் நாள் நெருங்கும். புத்தாண்டுத் தள்ளுபடி 10,000 என்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் தள்ளுபடி இல்லாமல் 85,000 கட்டியிருந்தால் கிடைக்கும் மிச்சம் 5.6 சதவீதம், தள்ளுபடியோடு 6.4. அவ்வளவுதான் வித்தியாசம். கடன் வட்டி இரண்டையும் விட மேலே இருக்கிறது.

உண்மையில் உங்கள் வீட்டில் பேச வேண்டிய செலவு சந்தா அல்ல, பயிற்சிக் கட்டணம். மாதம் 1,800 என்றால் வருடத்துக்கு 21,600, சந்தாவைப் போல இரண்டே கால் மடங்கு. ஐந்து வருடத்துக்கு 1,08,000. ஆயுளா ஆண்டா என்று வீட்டில் நடக்கும் விவாதத்துக்கு நடுவில் இதை யாரும் கவனிப்பதில்லை. அதனால் மூன்று மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள். மொத்தமாக ஒரு வருடத்துக்குக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள், வேண்டாம். பங்குனி பிறந்து வெயில் ஏறிய பிறகும், முழுப் பரீட்சை நெருங்கிய பிறகும், மாலை ஐந்து மணிக்குப் பிள்ளை தானாக ஷூவை மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அடுத்து தொடர்ந்து கட்டலாம்.

பயிற்சியில் ஒன்றை நேரில் கவனியுங்கள். பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வேகமும் துள்ளலும் குறைந்த சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகள் உண்டு. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் அந்த வயதுப் போட்டிகளில் இவற்றையே கட்டாயமாக்கியது. உங்கள் மகள் இப்போதுதான் ராக்கெட் பிடிக்கப் போகிறாள் என்றால் பச்சையிலோ ஆரஞ்சிலோ தொடங்குவது நல்லது. முதல் நாளே பெரியவர்கள் ஆடித் தேய்ந்த மஞ்சள் பந்தைக் கூடையோடு கொட்டி, இருபது பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு நாலு அடி அடிக்க விடுகிறார்கள் என்றால் 1,800 அதிகம். ராக்கெட்டும் அப்படித்தான். பெரியவர்களுக்கு 27 அங்குலம், அவளுக்கு 25 அல்லது 26 போதும். "வளர்ந்தால் உதவும்" என்று பெரியதாக வாங்கினால் மணிக்கட்டு வலிக்கும், பிள்ளை ஆட்டத்தையே வெறுத்துவிடும். பள்ளிச் சீருடையை வேண்டுமானால் ஒரு சுற்று பெரியதாக எடுங்கள், இதில் வேண்டாம்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரருக்குக் காலை ஆட்டம் எத்தனை நாள் கிடைக்கும்? ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் மூன்றுக்கும் கடை அடைக்கும்போது நள்ளிரவு ஆகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மண் தரை என்றால் ஒரு நல்ல மழைக்கு இரண்டு நாள் ஆட்டம் போச்சு. சித்திரையிலும் வைகாசியிலும் ஏழரை மணிக்கு மேல் நிற்க முடியாது. எல்லாம் போக வருடத்துக்கு 150 நாள் ஆடினால் ஒரு நாளைக்கு 64 ரூபாய், நியாயமான செலவு. அறுபது நாள்தான் என்றால் 160 ரூபாய் ஆகிறது. அந்த நிலையில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இடமே மலிவு. ரேஸ் கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தையும் ஒருமுறை விசாரித்து வாருங்கள். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்த வளாகம்தான். அரசுப் பொறுப்பில் இருப்பதால் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவாவது கிடைக்கும். கே.கே. நகரிலிருந்து தூரமும் இல்லை.

பணம் கட்டும் முன் கிளப் செயலாளரிடம் சிலவற்றைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நாளைக்கு நீங்களும் உறுப்பினர்தான். இடம் கிளப்பின் சொந்தமா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருடம்? ஆறு வருடக் குத்தகை மிச்சமிருக்கும் இடத்தில் பதினைந்தரை வருடத்தில் திரும்பும் பணத்தை எதை நம்பிப் போடுவது? கிளப் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானதா, துணை விதிகளின் நகல் தருவார்களா, போன வருடம் தணிக்கை செய்த வரவு செலவைக் காட்டுவார்களா என்றும் கேளுங்கள். அறிவிப்புப் பலகையில் மாதாமாதம் பந்து வாங்கிய கணக்கு ஒட்டியிருந்தால் நல்ல அறிகுறி. ஆயுள் கட்டணமாக வந்த தொகையைத் தனியாக வைப்பு நிதியில் போட்டு வைத்திருக்கிறார்களா, அன்றாடச் செலவுக்கே எடுத்துவிடுகிறார்களா என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். அன்றாடச் செலவுக்கே போகிறது என்றால் இன்னும் சில வருடத்தில் "மேம்பாட்டு நிதி" என்று ஒரு நோட்டீஸ் வரும், ஆயுள் உறுப்பினர்களும் சேர்ந்துதான் கட்ட வேண்டியிருக்கும்.

ஜி.எஸ்.டி. பற்றியும் கேட்டுவிடுங்கள். 75,000 என்பது வரி சேர்த்தா, சேர்க்காமலா? 18 சதவீதம் மேலே ஏறினால் 88,500 ஆகிவிடும், தள்ளுபடி போன இடம் தெரியாது. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய கிளப் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு எண் இல்லாமல் வரி மட்டும் வாங்கினால் கொடுக்காதீர்கள்.

ஆண்டு உறுப்பினருக்குக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பல கிளப்புகளில் பொதுக்குழுவில் ஓட்டுப் போடும் உரிமை ஆயுள் உறுப்பினர்களுக்கு மட்டும்தான். கூட்டம் மிகுந்த காலை ஆறரை மணிக்கு அவர்களுக்கே முன்னுரிமை தரும் இடங்களும் உண்டு. இந்த இரண்டும் உங்கள் கிளப்பில் எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு ஒரு வழி, புத்தாண்டு அன்று காலை குலுக்கல் முறையில் ஜோடி போட்டு இரட்டையர் ஆட்டம் வைக்கும் வழக்கம் இருந்தால் போய் உட்கார்ந்து பாருங்கள். யார் பேச்சு எடுபடுகிறது, புதியவரை ஆட்டத்தில் சேர்க்கிறார்களா, பெண்கள் ஆடுகிறார்களா, பிள்ளைகளுக்கு ஒரு தரையாவது விடுகிறார்களா என்பதெல்லாம் இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். குடும்பச் சந்தாதானே, நீங்களும் ஆடலாம். கேள்வியில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை!

இரண்டு, மூன்று வருடம் விடாமல் ஆடி, இடம் கிளப்பின் சொந்தம் என்று உறுதியாகி, கடனும் இல்லை என்றால் அப்போது ஆயுள் உறுப்பினர் ஆவதில் எனக்கு மறுப்பில்லை. அது முதலீடாக இருக்காது, ஆசைக்குச் செய்யும் செலவு. தாங்க முடிந்தால் செய்யலாம்.

சரி, கையில் உள்ள 1 லட்சத்தை இப்படிப் பிரியுங்கள். 75,000 நகைக்கடனுக்கு. பகுதித் தொகை கட்டும்போது அதுவரை சேர்ந்த வட்டிக்கு எடுத்தது போக மீதியைத்தான் அசலில் கழிப்பார்கள், அதனால் ரசீதில் மிச்ச அசல் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். மீதி 25,000-ல் ஆண்டுச் சந்தா 9,600, மூன்று மாதப் பயிற்சி 5,400, ஆக 15,000. மகளுக்கு ஒரு சாதாரண ராக்கெட் 2,000, இருவருக்கும் டென்னிஸ் ஷூ 5,000 என்று வைத்துக்கொள்வோம். ஓடுவதற்கான ஷூவில் ஆட வேண்டாம், பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் பிசகும். மிச்சம் 3,000 பந்துக்கும், பரணில் கிடக்கும் ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றவும் இருக்கட்டும். புது ராக்கெட் பேச்சு இந்த வருடம் வேண்டாம். வைப்பு நிதி 2 லட்சத்தைத் தொடவே வேண்டாம்.

சீட்டு முடிந்ததால் மாதம் 5,000 இனி வீட்டில் மிச்சமாகும். அது கரைவதற்கு முன் முதல் மூன்று மாதம் அப்படியே நகைக்கடனில் கட்டுங்கள். பிறகு 1,800 பயிற்சிக்கு, 3,200 கடனுக்கு. 2027 சித்திரைத் திருவிழாவுக்குள் கடன் அடைந்து நகை கைக்கு வந்துவிடும். பயிற்சி நின்றுபோனால் இன்னும் சீக்கிரம்.

கடைக் கணக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுத வேண்டாம். குடும்பத்தின் விளையாட்டுச் செலவு தொழில் செலவு ஆகாது. நாலு பேர் பழக்கமாகி வியாபாரம் வரும் என்று சொன்னாலும் வருமான வரித்துறை ஏற்காது. மகளின் பயிற்சிக் கட்டணத்துக்கும் வரிச்சலுகை கிடையாது. பள்ளி, கல்லூரியில் முழுநேரப் படிப்புக்குக் கட்டும் கட்டணத்துக்குத்தான் அந்தச் சலுகை, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் சம்பளத்துக்கு எந்த வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதைப் பள்ளி அலுவலகத்தில் பிப்ரவரிக்குள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.