டாபியில் ஆணி குத்தத் தெரிந்த பெண்ணுக்கு எதற்கு டொனேஷன் சீட்டு?

போன வாரம் சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், மகளை என்ன படிப்பில் சேர்ப்பது என்று என்னிடம் கேட்க வந்திருந்தது. அப்பா விசைத்தறிக்காரர். வாடகைக் கட்டடத்தில் நான்கு தறி, பெட்ஷீட்டும் துண்டும் ஓடுகின்றன. மகள் தமிழ் வழியில், அரசு உதவிபெறும் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் கட்-ஆஃப் 200க்கு 141. அம்மாவின் மடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் வழவழப்பான கையேடு, நான்காக மடித்து.

"ஒன்றரை ஏக்கர் காடு இருக்குதுங்க சார். அதைய வித்துப்போட்டாச்சும் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேத்திப்போடலாம்னு இருக்கறோமுங்க" என்றார் அப்பா. கொங்குப் பக்கம் காடு என்றால் விளைநிலம். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் தாய்மாமன் போனில் சொன்னாராம்: கம்ப்யூட்டர் சயின்ஸ், கிடைக்காவிட்டால் ஏ.ஐ., இரண்டும் இல்லையென்றால் படிக்க வைப்பதே வீண்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல "பதற வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் பேசினேன். அம்மா பையிலிருந்து கட்டண விவரத்தை எடுத்து நீட்டியதும் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன். மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஆண்டுக்கு 1,70,000. விடுதியும் மற்றதும் 80,000. நான்கு ஆண்டுக்குப் பத்து லட்சம். வேண்டாம் என்றேன். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு காரணத்தை இங்கே எழுதுகிறேன். இதே கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் பலர் உண்டு.

முதலில் பணம். அந்த வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கையெழுத்துப் போடும் நிமிடமே அது கை நழுவிப் போகும். இதை அந்தக் கல்லூரியின் ஆள் சொல்லவில்லை, ஏன் சொல்லப் போகிறார்? "காட்டை விற்காமல் கல்விக் கடன் வாங்கினால்?" என்றார் அப்பா. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். அப்போதும் அதே காடுதான் அடமானம். பத்து லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 13,200 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் இல்லை. முதல் சம்பளத்தில் இதைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணிப் பாருங்கள் என்றேன். அப்பா எண்ணினார். துணியின் நீளவாட்டு நூலான பாவு இழையை எண்ணியே பழகியவர், கணக்கு சட்டென்று வந்துவிட்டது.

அதுவரை வாயே திறக்காத மகளிடம் திரும்பினேன். "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் தரையைப் பார்க்கும். அதனால் அதைக் கேட்கவில்லை. "தறியில உனக்கு என்ன வேலை?" என்றேன்.

"டிசைன் மாத்தறப்ப டாபிக்கு நான்தான் ஆணி குத்துவேனுங்க சார்."

தறி தெரியாதவர்களுக்கு: டாபி என்பது பாவு இழைகளைத் தூக்கும் பிரேம்களில் எது எப்போது மேலே போக வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் கருவி. மரச்சட்டங்கள் சங்கிலிபோலக் கோத்திருக்கும். ஓட்டையில் ஆணி இருந்தால் அந்தப் பிரேம் ஏறும், இல்லையென்றால் இறங்கியே இருக்கும். ஏறிய இழைக்கும் இறங்கிய இழைக்கும் நடுவில்தான் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும். எட்டுப் பிரேம் என்றால் வரிசைக்கு எட்டு ஓட்டை. நான் காகிதத்தில் எட்டுக் கட்டம் போட்டு, "இதில் எத்தனை விதமாக ஆணி குத்தலாம்?" என்று கேட்டேன். விரல் விட்டுக்கூட எண்ணவில்லை. "256. ஆனா ரெண்டு வேலைக்கு ஆகாதுங்க. எல்லாமே மேல போனாலும் எல்லாமே கீழ இருந்தாலும் நாடா போக வழி இருக்காது."

இரண்டின் எட்டாம் அடுக்கு 256 என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டைக் கழிக்கத் தெரிந்த பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவளுக்கு நான் சொன்ன படிப்பு பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ். வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரத்தில், அரசு அல்லது அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியில். பெயரைக் கேட்டதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. "டிவி ரிப்பேருங்களா சார்?" என்றார். அதற்கான பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கணினி என்று நாம் சொல்வது அடியில் இந்த ஆணி விளையாட்டுதான். ஜக்கார்டு தறிக்குத் துளையிட்ட அட்டை 1804 வாக்கில் பிரான்சில் வந்தது. அந்த அட்டை யோசனையைத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். 1854இல் ஜார்ஜ் பூல் "ஆம், இல்லை" என்பதற்கு ஓர் இயற்கணிதம் எழுதினார். 1937இல் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர், அந்த இயற்கணிதம் சுவிட்சுகளும் ரிலேக்களும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) உள்ள சுற்றுகளுக்கு அப்படியே பொருந்தும் என்று தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். ஆக, தறிக்காரர் வீட்டுப் பெண் கணினிக்கு வேற்று ஆள் அல்ல, சொல்லப்போனால் பங்காளி.

அப்பாவுக்கு லாஜிக் கேட்டையும் தறியிலேயே காட்டினேன். உள்ளே வரும் ஆம்-இல்லைகளைப் பார்த்து ஒரே ஓர் ஆம் அல்லது இல்லை சொல்லும் சின்னச் சுற்றுதான் கேட். ஆட்டோ லூமில் ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் எது அறுந்தாலும் அதில் தொங்கும் ட்ராப் பின் என்ற தகடு விழுந்து தறி நிற்கும். இதுவோ அதுவோ எதுவானாலும் சரி, அது ஆர் கேட். மூடியும் சாத்தியிருக்க வேண்டும், பொத்தானும் அழுத்தியிருக்க வேண்டும், அப்போதுதான் மோட்டார் ஓடும் என்றால் அது ஆண்ட் கேட். "இவ்வளவுதானா?" என்றார். அடிப்படை இவ்வளவுதான். இதை லட்சக்கணக்கில் அடுக்குவதில்தான் படிப்பு இருக்கிறது.

எலக்ட்ரானிக்ஸ் படிப்பில் இந்த அடுக்கலைக் கையால் செய்கிறார்கள். முதலில் எண் முறைகள்: 0, 1 மட்டும் வைத்து எழுதும் இருமம் (அதில் ஒவ்வோர் இலக்கமும் ஒரு பிட்), பதினாறு குறிகளால் எழுதும் பதினறுமம், பி.சி.டி., கிரே குறியீடு போன்ற வேறு குறியீடுகள். பிறகு இயந்திரம் எப்படிக் கழிக்கிறது என்பது. அது கழிப்பதே இல்லை. கழிக்க வேண்டிய எண்ணின் ஒவ்வொரு பிட்டையும் கவிழ்த்து, ஒன்று கூட்டி, பிறகு கூட்டிவிடுகிறது. அடுத்து, சுற்றைச் சுருக்கக் கட்டம் போட்டுப் பார்க்கும் கார்னோ வரைபடம். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். கட்டங்களுக்குத் தலைப்பு 00, 01, 11, 10 என்று வர வேண்டும். பழக்க தோஷத்தில் 00, 01, 10, 11 என்று எழுதிவிட்டால் விடை முழுக்கக் கோணிவிடும். பக்கத்துக் கட்டத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு பிட்தான் மாற வேண்டும் என்பதே அதன் உயிர். இடது ஓரமும் வலது ஓரமும்கூட அக்கம்பக்கம்தான், துண்டைச் சுற்றிப் பிடித்தால் இரண்டு கரையும் ஒட்டுவதுபோல. சொன்னதும் இந்தப் பெண் தலையாட்டினாள்.

அப்புறம் ஆய்வகம். 7400 என்ற ஐ.சி.யில், அதாவது கால்கள் வைத்த சிப்பில், நான்கு நாண்ட் கேட் இருக்கும். ஆண்ட் கேட்டின் விடையைத் தலைகீழாக்கினால் நாண்ட். அதை மட்டும் வைத்துக்கொண்டே மற்ற எல்லாக் கேட்டையும் கட்டலாம். 14ஆம் காலுக்கு 5 வோல்ட், 7ஆம் காலுக்குக் கிரவுண்ட். மாற்றிக் கொடுத்தால் ஐ.சி. சுடும், விரலும் சுடும். உள்ளீட்டுக் காலை எதிலும் இணைக்காமல் விட்டால் பூஜ்யம் என்று நினைப்போம். டி.டி.எல். என்ற பழைய வகை ஐ.சி. அதை ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். ஒரு மத்தியானம் முழுக்க "சர்க்யூட் சரியாத்தானே இருக்கு" என்று முட்டிக்கொண்ட பிறகு இது புரியும், புரிந்தால் சாகும்வரை மறக்காது. ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப் சுற்றுகளால் எண்ணி (கவுண்டர்) ஒன்றைக் கட்டி, பொத்தானை ஒருமுறை அழுத்தினால் மூன்று என்று காட்டும். கோளாறு எண்ணியில் இல்லை. பொத்தானின் உலோகம் தொடும்போது துள்ளுகிறது, சுற்று அந்தத் துள்ளல்களையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. இதையெல்லாம் ஸ்லைடு காட்டிப் புரியவைக்க முடியாது.

அடுத்து 8085 மைக்ரோபிராசஸர். 16 முகவரிக் கம்பிகள், 65,536 நினைவிடங்கள். "இது தாத்தா காலத்துச் சிப்" என்று கேலி செய்வார்கள். பழசுதான், மறுக்கவில்லை. ஆனால் சிப்புக்குள் இருக்கும் எந்த ரெஜிஸ்டரில் (சின்ன நினைவிடத்தில்) என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு படியாக நிறுத்திப் பார்க்க அது விடும். அதற்குப் பிறகு 8051 மைக்ரோகன்ட்ரோலர், சி மொழி, கருவிகளுக்குள் பொதிந்த கணினியான எம்பெடட் சிஸ்டம் என்று போக வேண்டும். 8085லேயே நின்றுவிடும் கல்லூரி என்றால் நான் அனுப்ப மாட்டேன். பாடத்திட்டத்தில் வெரிலாக் மொழி இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைக்குச் சிப் வடிவமைப்பவர்கள் கேட்டுகளைக் கம்பியால் இணைப்பதில்லை, அந்த மொழியில் எழுதுகிறார்கள்.

சேர்க்கும் முன் கல்லூரிக்கு நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம், ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு கிட்டுக்கு, அதாவது ஒரு பயிற்சிக் கருவிக்கு, எத்தனை பிள்ளைகள்? மூன்று பேருக்கு மேல் என்றால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள், அந்த இருவரும் பெரும்பாலும் பெண்பிள்ளைகளாக இருப்பார்கள். கிட் மேல் தூசி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மாணவியின் ரெக்கார்ட் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். அடித்தல் திருத்தலே இல்லாமல் அச்சடித்தாற்போல் இருந்தால் அது பார்த்து எழுதியது.

இதில் குறை இல்லையா? இருக்கிறது. மூன்று ஆண்டுப் பட்டத்தோடு நின்றால் முதல் சம்பளம் குறைவு. டெஸ்டிங், சர்வீஸ், உற்பத்தி வரிசை என்று தொடங்க வேண்டியிருக்கும். பல நிறுவனங்கள் பி.இ. இல்லாத விண்ணப்பத்தைத் திறப்பதே இல்லை. நாட்டில் சிப் தொழிற்சாலை வரப்போகிறது, 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டம் போட்டிருக்கிறது, அதனால் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். நான் சொல்வது மூன்று ஆண்டோடு நிற்கும் வழி அல்ல. பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரத் தனிக் கலந்தாய்வு தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. இது பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு மட்டும் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் எம்.எஸ்சி. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் இருக்கிறது, கொச்சிப் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக் சயின்ஸ் இருக்கிறது. எம்.டெக். போன்ற மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வை பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளை எடுத்தாலும் அதில் டிஜிட்டல் லாஜிக் ஒரு பகுதி. இஸ்ரோவின் சயின்டிபிக் அசிஸ்டென்ட் வேலைக்குக் கேட்பதும் பி.எஸ்சி. முதல் வகுப்புதான்.

ஆண்டுகள் கூடும், உண்மை. ஆனால் அந்த ஆண்டுகளுக்குக் காடு போகாது. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்கள். தமிழ் வழியில் உதவிபெறும் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பஸ்ஸும் சாப்பாடும் அதில் முக்கால்வாசி போய்விடும், போகட்டும். பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்யத்தான் சொன்னேன். முதல் பட்டதாரிச் சலுகையோடு, ஆய்வகம் உள்ள கல்லூரியில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) வந்தால் எடுத்துக்கொள்ளட்டும். அந்த வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். டொனேஷன் சீட்டுக்கு மட்டும் என்னிடம் சம்மதம் கேட்காதீர்கள் என்றேன்.

அம்மா தயங்கித் தயங்கி மனதில் இருந்ததைச் சொன்னார். பி.இ. என்று பத்திரிகையில் போட்டால்தான் நல்ல இடத்தில் கேட்பார்களாம். கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரிக்கு ஒன்றரை ஏக்கரா அம்மா என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் கடுமைதான். மகள் சிரித்துவிட்டாள், அம்மாவும் பிறகு சிரித்தார். மாமனிடம் பேச வேண்டுமென்றால் நானே பேசுகிறேன். அவர் கெட்டவர் அல்ல. தான் ஏறிய பஸ் ஒன்றுதான் ஊருக்குப் போகும் என்று நினைக்கிறார்.

ஆங்கிலத்தைப் பற்றி மகளுக்கு ஒரு பயம் இருந்தது. எண் முறைகளும் பூலியன் இயற்கணிதமும் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்திலேயே இருக்கின்றன. தமிழிலும் ஆங்கிலத்திலும் அந்தப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னேன். இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இருநூறுகூடத் தேறாது. அதன்பின் என்.பி.டி.இ.எல். வீடியோக்கள் இருக்கின்றன, ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் எடுப்பது, பார்க்கக் காசு இல்லை.

கல்லூரி திறக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு சின்னப் பட்டியலும் கொடுத்தேன். பற்றவைக்காமல் சுற்று கட்டும் பலகையான பிரெட்போர்டு ஒன்று, 7400 இரண்டு, நாலைந்து எல்.இ.டி., அவற்றுக்கு 330 ஓம் ரெசிஸ்டர். மின்சாரத்துக்கு வீட்டில் கிடக்கும் பழைய செல்போன் சார்ஜர் போதும், அது 5 வோல்ட்தான் தரும். 9 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுக்கக் கூடாது. கட்டண விவரத்துக்காக அந்தக் கல்லூரிக்குப் போய்வந்த கார் வாடகையைவிட இது குறைவாகத்தான் ஆகும்.

கிளம்பும்போது அவளிடம் ஒரு வேலை சொல்லி அனுப்பினேன். வீட்டுத் தறியில் இப்போது ஓடும் டிசைனின் டாபி வரிசைகளைப் பார்த்து, ஆணி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று எழுதி, ஒவ்வொரு வரிசையையும் ஓர் எண்ணாக மாற்றிக்கொண்டு வர வேண்டும். நேற்று அப்பாவின் வாட்ஸாப்பிலிருந்து படம் வந்தது, கோடு போட்ட நோட்டில் பென்சில் எழுத்து. முதல் வரிசை 10110010, பக்கத்தில் 178. ஐந்தாவது வரிசைக்குக் கீழே சின்னதாக ஒரு குறிப்பு: "சார், இதுல ஒரு ஆணி தப்பா இருக்கு. ரெண்டு நாளா துணி அப்படியேதான் ஓடியிருக்கு. அப்பாகிட்ட இன்னும் சொல்லல."