தாத்தாவின் துப்பாக்கிக் கட்டைக்கு வீட்டிலேயே சாயம் பூசலாமா?

கோலாலம்பூரில் இருப்பதாகவும், தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கியின் மரக்கட்டை கறுத்துவிட்டதாகவும், தேய்த்துவிட்டு வால்நட் சாயம் பூசலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பூசலாம். ஆனால் தேய்ப்பதில் ஆரம்பிக்காதீர்கள்.

அதற்கு முன்னால், தாத்தா இப்போது இல்லையென்றால், உரிமம் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், மரத்தை விட்டுவிட்டு முதலில் போலீஸ் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். அப்பா பினாங்கில், செபராங் பிறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்தார். அவரிடம் இருந்தது, காட்டுப்பன்றித் தொல்லைக்காக முறையாக உரிமம் எடுத்து வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி. நான் தொட்டது மரத்தை மட்டும்தான். அதையும் அப்பாவே கழற்றிக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கட்டை நல்ல காப்பி நிறம். வால்நட் என்றே நம்பினேன். 80ஆம் நம்பர் உப்புத்தாளை மிஷினில் மாட்டி ஒரே மதியத்தில் தேய்த்தேன். உள்ளேயிருந்து வெளுத்த மரம் வந்தது. பீச் மரத்துக்குச் சாயம் ஏற்றி வால்நட் மாதிரி காட்டியிருக்கிறார்கள்! பீச் சாயத்தைச் சீராகக் குடிக்காது. நான் பூசியது திட்டுத்திட்டாக நின்றது, மேலே பளபள வார்னிஷ் அடித்து மறைக்கப் பார்த்தேன். அதைவிடப் பெரிய தப்பு, இரும்போடு சேரும் ஓரத்தையும் தேய்த்துவிட்டேன். திரும்ப மாட்டியபோது அப்பா விரலால் தடவிப் பார்த்து, "இரும்பு மேல நிக்குதேடா" என்றார். குறைந்த மரத்தை எப்படித் திரும்ப வைப்பது?

அப்புறம் வார்னிஷை ரிமூவர் போட்டு எடுத்தேன். ஸ்பிரிட்டில் கலந்த சாயத்தை நீர்க்க நீர்க்க நாலு தடவை ஏற்றினேன். மேலே, 'காய்ச்சியது' (boiled) என்றே கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெய், துணியில் தொட்டு மெல்லிசாக. நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு பூச்சு காய நாலு நாள்கூட ஆகும், அவசரப்பட்டால் பிசுபிசுக்கும். காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெய் வாங்கிவிடாதீர்கள், வாரக்கணக்கில் காயாது. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள். பள்ளங்களுக்கு ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஆவி கொடுத்தாலே நசுங்கிய மரம் எழும்பும், வெட்டுப்பட்ட இடம் மட்டும் எழும்பாது. தச்சு வேலை தெரிந்தவர்கள் வேறு முறை சொல்லலாம், நான் செய்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் பழைய மர மயில் வாகனம் இருந்தது. ஒவ்வோர் இறகும் உளியால் செதுக்கியது. திருவிழாவுக்குப் புதுசாகத் தெரிய வேண்டும் என்று அதன்மேல் எனாமல் பெயிண்டைக் கொட்டி அடித்துவிட்டார்கள். இறகெல்லாம் மூடிப்போச்சு. கேட்டால், "இப்பத்தான் பளிச்சுன்னு இருக்கு" என்றார்கள். இன்றும் அந்த வாகனம் ஊர்வலம் வந்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

சரி, உங்கள் கட்டைக்கு வருகிறேன். உரிமம் சரியாக இருந்தால், தோளில் வைக்கும் பக்கத்துத் தகட்டின் இரண்டு திருகையும் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் பெரும்பாலும் சாயம் ஏறியிருக்காது, மரத்தின் சொந்த நிறம் அங்கே தெரியும். அங்கேயும் காப்பி நிறமாக இருந்தால் சாயமே வேண்டாம். டர்பெண்டைன் தொட்ட துணியால் அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு எண்ணெய் போடுங்கள்.