முழங்கால் வலியோடு உப்புச் சுரங்கத்தில் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 64, மனைவிக்கு 59. மகள் போலந்தில் கிராக்கோவ் நகரத்தில் வேலை பார்க்கிறாள். ஜூன் மாதம் அங்கே போகிறோம். பக்கத்தில் ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது, வழிகாட்டியோடு ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம், டிக்கெட் போடட்டுமா என்று கேட்கிறாள். எனக்கு இரண்டு முழங்காலும் வலி. பிபி மாத்திரை போடுகிறேன். மனைவிக்கு வீசிங், இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள். பூமிக்கடியில் மூச்சு முட்டாதா? உப்புக் காற்று வீசிங்குக்கு நல்லது என்கிறாளே மகள், நிஜமா? ஆஷ்விட்ஸ் வதைமுகாமையும் உப்புச் சுரங்கத்தையும் சேர்த்து ஒரே நாளில் காட்டும் டூர் இருக்கிறதாம். அதில் போனால் லாபமா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: மூச்சைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வையுங்கள் ஐயா. நீங்கள் கவலைப்பட வேண்டியது முழங்காலுக்காக. அதுவும் ஏறுவதற்காக அல்ல, இறங்குவதற்காக.

நான் சுரங்கத்தில் சம்பளம் வாங்கிச் சாப்பிட்டவன். ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனவர் எங்கள் தாத்தா. வடஆற்காட்டில் அப்படிப் போன குடும்பங்கள் எத்தனையோ உண்டு. 2001 பிப்ரவரியில் தங்கவயலை இழுத்து மூடும்வரை நானும் ஷிப்டு ஷிப்டாகக் கேஜில், அதாவது சுரங்க லிப்டில், இறங்கி ஏறியவன்தான். இப்போது காட்பாடியில் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் மனைவியோடு நீங்கள் கேட்கிற அதே வியெலிச்கா சுரங்கத்துக்குப் போனேன். என் மனைவிக்கும் முழங்கால் வலி. ஆகவே கீழே வருவதெல்லாம் பட்டறிந்து சொல்வது.

வியெலிச்காவில் வழக்கமான சுற்றுலாப் பாதையில் போனால் கீழே இறங்க லிப்ட் கிடையாது. தனிலோவிச் என்ற பழைய ஷாப்டின், அதாவது கிணறு போல நேராக இறங்கும் சுரங்கக் குழியின் பக்கத்தில் மரப்படிக்கட்டு இருக்கிறது. ஏழெட்டுப் படி இறங்கினால் ஒரு திருப்பம், மறுபடி ஏழெட்டுப் படி, மறுபடி திருப்பம். இப்படியே சுமார் 380 படி. அது முடிகிற இடம் 64 மீட்டர் ஆழம், அதாவது இருபது மாடிக் கட்டடத்தை மேலிருந்து கீழே நடந்தே இறங்குவதற்குச் சமம். அதோடும் விடாது. அங்கிருந்து அறை அறையாகப் பார்த்துக்கொண்டே இன்னும் இறங்கி 135 மீட்டர் வரை போகிறோம். மொத்தம் 800 படிக்குப் பக்கம், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடை, இரண்டரை மூன்று மணி நேரம். மேலே வருவதற்கு மட்டும் லிப்ட்.

சோளிங்கர் யோக நரசிம்மரைப் பார்க்க 1305 படி ஏறியவனுக்கு இது ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். சோளிங்கரில் மூச்சு வாங்கினால் மண்டபத்தில் உட்காரலாம், மோர் குடிக்கலாம், பத்து நிமிடம் கழித்துக் கிளம்பலாம். 2024இலிருந்து ரோப் காரே ஓடுகிறது. வியெலிச்காவில் முன்னே ஒரு கூட்டம், பின்னே ஒரு கூட்டம். உங்கள் வழிகாட்டி தன் குழுவை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு சங்கதி, படி ஏறும்போது நெஞ்சுக்கு வேலை அதிகம், இறங்கும்போது முழங்கால் சில்லுக்கு. ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்தச் சில்லில் வந்து விழுகிறது. ஏறும்போது வலிக்காத கால் இறங்கும்போது வலிக்கிறது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். தெரிந்தவர் யாராவது வேலூரில் மாடிக் குடியிருப்பில் இருந்தால் லிப்டில் மேலே போய்ப் படியில் இறங்குங்கள். மறுபடி லிப்ட், மறுபடி படி. 200 படிக்கு மேல் நிற்காமல் இறங்கி, மறுநாள் காலையில் முழங்கால் வீங்காமல் இருந்தால் தைரியமாகப் போகலாம். வீங்கினால் வழக்கமான பாதையை மறந்துவிடுங்கள். நடக்கச் சிரமப்படுபவர்களையும் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் லிப்டிலேயே இறக்கி, பாதையின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் ஏற்பாடு அங்கே உண்டு. ஆனால் போன இடத்தில் கேட்டால் கிடைக்காது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். மகளை இன்றைக்கே மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கிராக்கோவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் போக்னியா என்று இன்னோர் உப்புச் சுரங்கம். வியெலிச்கா 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. போக்னியா 2013இல் அதோடு சேர்க்கப்பட்டது. போக்னியாவில் இறங்குவதே லிப்டில்தான். உள்ளே குட்டி ரயிலில் உட்கார்ந்து போகலாம், உப்புத் தண்ணீரில் படகும் உண்டு. அங்கேயும் படி இல்லாமல் இல்லை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே 380 படி என்ற தண்டனை இல்லை. சிற்பங்களின் அழகில் வியெலிச்காவை எட்டாது. என்னைக் கேட்டால், வலிக்கிற காலோடு பார்க்கும் பெரிய அழகைவிட வலிக்காத காலோடு பார்க்கும் சின்ன அழகு மேல்.

இனி மூச்சு. தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போவோம். அடியாழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்பாவிட்டால் ஆள் நிற்க முடியாது. உங்கள் மனதில் இருக்கிற சுரங்கம் அதுதான். வியெலிச்காவில் சுற்றுலாக்காரர்கள் போவது 135 மீட்டர். அவ்வளவு ஆழத்துக்குப் பூமியின் சூடு நாலைந்து டிகிரிகூட ஏறாது. வருடம் முழுக்க 17, 18 டிகிரி. மே மாத வேலூர் வெயிலிலிருந்து போகிறவர்களுக்கு ஊட்டியில் இறங்கிய மாதிரி இருக்கும். ஸ்வெட்டர் அவசியம்.

காற்றோட்டம் அங்கே நம் வசதிக்காக மட்டும் இல்லை, உப்பின் உயிர் அதில் இருக்கிறது. ஈரம் பட்டால் உப்பு கரையும். வருகிற கூட்டத்தின் மூச்சிலும் வியர்வையிலும் உள்ள ஈரமே சிற்பங்களின் மூக்கையும் விரலையும் மழுங்கடித்துக்கொண்டிருந்தது. அதனால் 1989இல் யுனெஸ்கோ இந்தச் சுரங்கத்தை ஆபத்தில் இருக்கும் இடங்களின் பட்டியலில் வைத்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏற்பாடுகள் வந்தபிறகு 1998இல் எடுத்தது. வழியில் கனத்த கதவுகள் வரும். ஒன்றைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறப்பார்கள். காற்றை வேண்டிய பக்கம் திருப்புவதற்கு அது. திறக்கும்போது முகத்தில் ஒரு வீச்சு வீசும். தங்கவயலில் ஏர் டோர் என்போம். அந்தக் காற்று முகத்தில் பட்டதும் எனக்கு இருபது வயது குறைந்துபோனது, அது என் சொந்தக் கதை.

படிக்கட்டு மட்டும் கொஞ்சம் ஒடுக்கம். அதைத் தாண்டிவிட்டால் கூடங்கள் கல்யாண மண்டபம் போல விரிந்து கிடக்கின்றன. அடைத்த இடத்தில் நெஞ்சு படபடக்கும் என்பவர்கள்கூடச் சமாளித்துவிடலாம்.

வீசிங் விஷயத்தில் உங்கள் மகள் சொல்வதில் பாதி வரலாறு, பாதி ஆசை. 1839இல் பெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி என்ற டாக்டர் அங்கேயே உப்பு வைத்தியம் தொடங்கினார். இன்றும் சுரங்கத்துக்குள் மூச்சுக்கோளாறு உள்ளவர்களுக்கான சிகிச்சை மையம் இருக்கிறது. நோயாளிகள் பல நாள் தொடர்ந்து போய் மூச்சுப் பயிற்சி செய்கிறார்கள். தூசியும் மகரந்தமும் குறைந்த காற்று என்பதால் சிலருக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அது ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. மூன்று மணி நேரம் சுற்றிப் பார்ப்பதில் ஒன்றும் ஆகிவிடாது. தினசரி இன்ஹேலரை அந்த நாளும் விடக்கூடாது. அவசர இன்ஹேலர் அம்மாவின் கைப்பையில், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். உங்கள் சட்டைப்பையில் வேண்டாம், கூட்டத்தில் நீங்கள் முன்னே போயிருப்பீர்கள். கடந்த ஒரு மாதத்தில் வீசிங் அதிகமாகி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் பிபி மாத்திரையும் வழக்கமான நேரத்தில்.

இரண்டையும் சேர்த்துக் காட்டும் டூரா? வேண்டாம். நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். ஆஷ்விட்ஸ் கிராக்கோவுக்கு மேற்கே 65 கிலோமீட்டருக்கு மேல். வியெலிச்கா தென்கிழக்கே 14 கிலோமீட்டர். விடிவதற்கு முன் வேனில் ஏற்றி, முகாமில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கவும் நடக்கவும் வைத்து, மத்தியானம் ஆளுக்கொரு ரொட்டியைக் கையில் கொடுத்து, அந்தக் காலோடு படிக்கட்டின் தலைமாட்டில் கொண்டுபோய் விட்டார்கள். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். பணம் திரும்பி வரவில்லை. மறுநாள் விசாரித்து லிப்ட் ஏற்பாட்டில் தனியாகப் பதிவு செய்து அவளுக்குக் காட்டினேன். கால்வலியை விடுங்கள், காலையில் அந்த முகாமில் குழந்தைகளின் செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு மத்தியானம் சுரங்கத்தின் உப்புச் சரவிளக்கைப் பார்த்து வாய் பிளக்க மனசு வராது. இரண்டு இடத்துக்கும் இரண்டு நாள் கொடுங்கள்.

சுரங்கத்துக்கு ஏஜென்சியே தேவையில்லை. கிராக்கோவ் முக்கிய ரயில் நிலையத்திலிருந்து நேரடி ரயில் இருக்கிறது. அரை மணிக்குள் போய்விடும். குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு வருகிற தூரம்கூட இல்லை. கடைசி நிலையத்தில் இறங்கினால் சுரங்க வாசல் நடக்கிற தொலைவுதான். டிக்கெட்டைச் சுரங்கத்தின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள், ஆங்கில வழிகாட்டி வருகிற நேரமாகப் பார்த்து. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அங்கே ஒன்பது தளங்கள், 200 கிலோமீட்டருக்கும் மேல் பாதை. தனியாகப் போனவர் திரும்பி வர முடியாது. கால் மக்கர் செய்தால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். நீங்களாகப் பின்னால் திரும்பி நடக்காதீர்கள்.

வழிகாட்டியின் ஆங்கிலம் வேகமாக ஓடும். அதனால் கதையை இங்கேயே தெரிந்துகொண்டு போவது நல்லது. சுமார் ஒரு கோடியே 35 லட்சம் வருடங்களுக்கு முன் அங்கே ஒரு கடல் இருந்தது. திறந்த கடலோடு தொடர்பு குறைந்து, வெயிலில் வற்றி, உப்பு அடியில் படிந்தது. மரக்காணத்தில் பாத்தி கட்டிக் கடல்நீரை விட்டு வெயிலில் காய வைக்கிறார்களே, அதே வேலையை இயற்கை பெரிய பாத்தியில் செய்திருக்கிறது. பிறகு கார்பாத்திய மலைகள் தெற்கிலிருந்து நெருக்க, அந்தப் படிவம் மடிந்தும் நொறுங்கியும் போனது. வெள்ளைவெளேர் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மண்ணும் களியும் கலந்து சாம்பலும் பச்சையுமாக, நம் வேலூர்க் கோட்டைக் கல் மாதிரி இருக்கும். என் மனைவி நம்பாமல் சுவரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டாள்.

13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய உப்பு வெட்டு 1996இல்தான் வியாபார அளவில் நின்றது. முட்டுக்கொடுத்த மரங்களைப் பாருங்கள். உப்பு ஊறி இறுகியிருக்கும். பாரம் தாங்காமல் உப்புப் பாறை வருடக்கணக்கில் மெதுவாக நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் அத்தனை மரம். பல இடங்களில் வெள்ளை அடித்திருப்பது விளக்கு வெளிச்சம் நன்றாகப் பரவுவதற்காக. உப்பு மூட்டையை இழுக்கக் குதிரைகளை உள்ளேயே வைத்திருந்தார்கள். கடைசிக் குதிரை மேலே வந்தது 2002இல்.

101 மீட்டர் ஆழத்தில் இருக்கும் புனித கிங்கா தேவாலயத்துக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள். நடந்துவந்த வலிக்கு அங்கேதான் கூலி. 54 மீட்டர் நீளக் கூடம். தரையில் ஓடு பதித்தது போலத் தெரிவதும் உப்பில் செதுக்கியதே. சரவிளக்கில் தொங்கும் மணிகள்கூட உப்புப் படிகம். இந்த வேலையை 1896இல் தொடங்கியவர்கள் அங்கே வேலை பார்த்த சுரங்கத் தொழிலாளிகள். தங்கவயலில் ஷிப்டு முடிந்து வந்து மாரியம்மன் கோயிலுக்குக் கல் சுமந்த கைகளை நினைத்துக்கொண்டேன். கிங்கா ஹங்கேரி நாட்டு இளவரசி. கல்யாணச் சீராகத் தன் நாட்டு உப்புச் சுரங்கத்தில் மோதிரத்தைப் போட்டுவிட்டுப் போலந்துக்கு வந்தாளாம். இங்கே தோண்டிய முதல் உப்புக்கட்டியில் அந்த மோதிரம் இருந்ததாம். அந்தக் காட்சியையே உப்புச் சிலைகளாக நிற்க வைத்திருக்கிறார்கள்.

சில்லறை விஷயங்கள். அம்மா சுடிதார் போட்டுக்கொள்ளட்டும்; அந்த மரப்படியில் புடவைக் கொசுவம் காலில் மாட்டும். செருப்பு வேண்டாம், ஷூ. பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள். கழிவறை உள்ளே உண்டு, ஆனால் நமக்கு வேண்டிய நேரத்தில் வராது. இறங்கும் முன் போய்விடுங்கள். கீழே சாப்பாட்டுக் கூடமும் இருக்கிறது. சைவம் என்றால் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியரோகி கேளுங்கள், பிடித்து வைத்த கொழுக்கட்டை மாதிரி இருக்கும். கடையில் உப்பு விளக்கு விற்பார்கள். வாங்காதீர்கள். காற்றில் ஈரம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுக்கும். எங்கள் வீட்டு விளக்கு முதல் ஐப்பசி மழையிலேயே வியர்த்து டிவி ஸ்டாண்டு முழுக்க ஒழுகியது.

கடைசியில் லிப்டுக்குக் கொஞ்சம் நடையும் கொஞ்சம் வரிசையும் இருக்கும். அது ஆஸ்பத்திரி லிப்ட் மாதிரி இருக்காது, சுரங்கக் கேஜ். தோளோடு தோள் இடிக்க ஏற்றி, சரேலென்று இழுக்கும். ஒரு நிமிடம்கூட ஆகாது. காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். அம்மாவை ஓரமாக, கம்பியைப் பிடிக்கிற இடத்தில் நிறுத்துங்கள்.