ஜூன் மாதம் வந்தால் கடன்

கேள்வி: டல்லாஸ் பக்கம் வசிக்கிறேன். வயது 39, எச்1பி விசாவில் ஐ.டி. வேலை, ஆண்டுச் சம்பளம் 1.3 லட்சம் டாலர். 2022 முதல் ஒவ்வொரு கோடையிலும் லாஸ் வேகாஸ் போய் வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் சீட்டாட்டப் போட்டிகளில் ஆடுகிறேன். அதன் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்ட் நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், கூடவே 1,500 டாலர் ஆட்டங்கள் மூன்று. 2023-ல் மெயின் ஈவென்ட்டில் 17,500 ஜெயித்தேன். பணத்தை ஜூனில் 401கே கணக்கிலிருந்து (கம்பெனி வழி ஓய்வுக்காலச் சேமிப்பு) கடனாக எடுப்பேன். இன்னும் 22,000 பாக்கி. தவணை இடிப்பதால் அந்தக் கணக்கில் போடும் மாதச் சேமிப்பைச் சம்பளத்தில் 2 விழுக்காடாகக் குறைத்திருக்கிறேன். வட்டி என் கணக்குக்கே திரும்பி வருவதால் நஷ்டமில்லைதானே? இந்த முறை சகலை 5,000 தருகிறேன், ஜெயிப்பதில் பாதிப் பங்கு கொடு என்கிறார். வாங்கலாமா? மனைவியிடம் ஆபீஸ் டிரெயினிங் என்று சொல்லியிருக்கிறேன்.

பதில்: சீட்டாடாதே என்று சொல்ல நான் வரவில்லை. அது உங்கள் வீட்டிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். நீங்கள் ஜெயித்த வருடத்தை மட்டும் பார்ப்போம்.

17,500-ல் நுழைவுக் கட்டணம் போக 7,500. சிறிய ஆட்டங்களில் 4,500 போயிற்று, மீதி 3,000. வரித் துறைக்கு அந்த 4,500 கண்ணில் படாது. உங்களைப் போல, செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் ஒரே தொகையாகக் கழிக்கும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவர் சூதாட்ட நஷ்டத்தைக் கழிக்க வழியில்லை. ஆக வரி 7,500-க்கும்தான்: 22 விழுக்காட்டில் 1,650. கையில் நிற்பது 1,350. விமானம், பத்து நாள் ஓட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்துக் குறைத்துப் போட்டாலும் 2,800. அதாவது ஜெயித்த வருடத்திலேயே 1,450 டாலர் கைநஷ்டம். மற்ற மூன்று வருடங்கள் தலா 17,300. நான்கு கோடையில் சுமார் 53,000 டாலர். இதை நீங்கள் ஒருமுறைகூடக் கூட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வட்டி எனக்கே வருகிறது என்பது 401கே கடன் வாங்குகிற எல்லோரும் சொல்லும் சமாதானம். உங்கள் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகும் பணம் அது, வருமானமாகாது. சேமிப்பை 2 விழுக்காடாகக் குறைத்ததைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் பகீரென்றது. பல கம்பெனிகளைப் போல உங்கள் கம்பெனியும் நீங்கள் போடும் அளவுக்குத் தன் பங்காகவும், சம்பளத்தில் 4 விழுக்காடு வரை, ஈடு போடுகிறது என்று வைத்துக்கொண்டால், வருடம் 2,600 டாலர் இலவசப் பணத்தை வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறீர்கள். எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் இப்படி ஜெயிக்கிற சீட்டைக் கீழே போடுவீர்களா?

அடுத்தது விசா. நாளை வேலை போனால், வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ 60 நாள் அவகாசம். கடன் பாக்கியை அந்த வருட வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டாவிட்டால் 22,000-மும் வருமானமாகிவிடும்: வரி 22 விழுக்காடு, அபராதம் 10. ஏறத்தாழ 7,000 டாலர், கையில் சம்பளம் இல்லாத நேரத்தில்.

கிறிஸ் மணிமேக்கர் பெயரை நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் அவர்தான் இருப்பார். 2003-ல் அந்த டென்னசி கணக்காளர் மெயின் ஈவென்ட்டில் 25 லட்சம் டாலர் ஜெயித்ததிலிருந்து எல்லோர் மனதிலும் அவர்தான். அவர் இணையத்தில் 86 டாலர் தகுதிச்சுற்று ஆடி உள்ளே போனவர். போகும் முன் அப்பாவுக்கும் ஒரு நண்பருக்கும் பங்கும் விற்றுவிட்டார். ஓய்வூதியக் கணக்கில் கைவைத்து உட்காரவில்லை. 2024-ல் மெயின் ஈவென்ட்டில் 10,112 பேர் ஆடினார்கள். ஏதாவது தொகை பார்த்தவர்கள் 1,517 பேர். ஒவ்வொருவரின் 10,000-லிருந்தும் 700 நடத்துபவருக்குப் போய், 9,300தான் பரிசுத் தொகையில் சேர்ந்தது. உங்கள் 1,500 டாலர் ஆட்டங்களில் பிடித்தம் இன்னும் மோசம், நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டு. ஓரிரு நாள் அந்த மண்டபத்தில் நானும் வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான விரல்கள் ஒரே நேரத்தில் சிப்ஸை, அதாவது பந்தய வில்லைகளை, கலைக்கும் சத்தம், மழைக்கு முந்திய தவளைச் சத்தம் மாதிரி. அந்தச் சத்தத்தில், கட்டணத்துக்குக் கிடைத்த 60,000 சிப்ஸ் முன்னால் இருந்தால் அது 10,000 டாலர் கடன் என்று யாருக்கும் தோன்றாது.

சகலை விஷயம். பங்கு விற்று ஆடுவது கடன் வாங்கி ஆடுவதைவிட எவ்வளவோ மேல், தொழில்முறை ஆட்டக்காரர்களே செய்வது. ஆனால் சகலையிடம் வேண்டாம். தோற்றால் அடுத்த பொங்கலுக்கு அந்த 5,000 உங்கள் வீட்டு இலையில் பரிமாறப்படும். ஜெயித்தால் வரிப் படிவம் உங்கள் பெயரில் வரும், பாதி கேட்பவருக்கு வரியும் பாதி என்று நீங்கள்தான் புரியவைக்க வேண்டும். ஆட்டக்காரர்களின் பங்கை விற்கும் இணையதளங்களைக் காட்டி இதுவும் முதலீடு என்று சிலர் இப்போது சொல்கிறார்கள். பொழுதுபோக்கு என்று சொல்லுங்கள், நானும் சண்டைக்கு வரமாட்டேன்.

இந்த ஜூனில் புதுக் கடன் கிடையாது. சேமிப்பை இந்த மாதமே 4 விழுக்காட்டுக்கு ஏற்றுங்கள். பழைய பாக்கி தீரும்வரை வேகாஸுக்குப் போயே ஆக வேண்டுமென்றால், கைக்காசில் அங்கேயே நடக்கும் 1,100 டாலர் தகுதிச்சுற்று ஒன்று ஆடுங்கள். ஜெயித்தால் மெயின் ஈவென்ட் இடம், தோற்றால் அன்று மாலையே விமானம். சிறிய ஆட்டங்கள் மூன்றையும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த 53,000 கணக்கை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டுங்கள். டிரெயினிங் என்று சொன்னதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வரிக்கணக்கில் அவரும் கையெழுத்துப் போடுகிறார் என்றால், 2023-ன் 7,500 அவர் கண்ணில் ஏற்கெனவே பட்டிருக்கலாம்.